மகனுக்குக் கால்பந்து வாய்ப்பு: பணம் கட்டும் முன் ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டியவை

வணக்கம் அம்மா. பதினான்கு வயது மகனை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, ஐரோப்பிய கிளப் ஒன்றின் செலக்‌ஷனுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஓர் ஏஜென்ட் லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பணத்தைக் கட்டிவிடாதீர்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளில் 19-ஆவது பிரிவுப்படி, 18 வயது நிரம்பாத வீரரை வேறு நாட்டு கிளப் பதிவு செய்ய முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டில் குடியேறுவது அதில் ஒன்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு எதுவும் பொருந்தவில்லை. இந்த விதிகளை மீறியதற்காக ஸ்பெயினின் பெரிய கிளப்பான பார்சிலோனாவுக்கே 2015 முழுவதும் புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை போட்டார்கள்.

பெரிய கிளப்புகள் சின்னப் பையன்களைக் கோடிகள் கொடுத்து வாங்குகின்றனவே என்பீர்கள். வாங்கட்டும், அதில் தப்பில்லை. பத்துப் பேரில் ஒருவன் தேறினாலே கிளப்புக்குப் போட்ட பணம் வந்துவிடும். மற்ற ஒன்பது பேர் வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் என் கவலை. உங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

ஃப்ரெடி அடு 2004-இல் 14 வயதில் அமெரிக்காவின் டி.சி. யுனைடெட் அணிக்கு ஆடியபோது, அடுத்த பெலே என்று கொண்டாடினார்கள். 2007-இல் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப் அவரை வாங்கியது. அப்புறம் மொனாக்கோ, கிரீஸ், துருக்கி என்று லோனில், அதாவது வேறு அணிகளுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்டு, போய்க்கொண்டே இருந்தார், எங்கும் நிலைக்கவில்லை. நார்வே வீரர் மார்ட்டின் ஓடகார்டை 2015-இல் 16 வயதில், விதிவிலக்கின்படி, ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் வாங்கியது. அங்கே அவருக்கும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் லோனில் போன ஹீரன்வீன், விட்டெஸ், ரியல் சோசியதாத் அணிகளில் தொடர்ந்து ஆடினார். 2022-இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்குக் கேப்டன் ஆனார். வளரும் வயதில் களத்தில் கிடைத்த நேரம்தான் இருவரையும் பிரித்தது என்று நினைக்கிறேன். அதனால் எந்த அகாடமி கூப்பிட்டாலும், போன வருடம் சேர்ந்த பையன்கள் எத்தனை மேட்ச் ஆடினார்கள், வெளியே அனுப்பப்பட்டவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன் உடல் பலத்தாலேயே இப்போது ஸ்டாராகத் தெரியலாம். இரண்டு மூன்று வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அடுத்த மேட்ச்சில் கோல்களை விடுங்கள். பந்து காலுக்கு வருமுன் கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். ஆட்டத்தைப் படிக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் நல்ல கோச்சிடம் நம்பிச் சேர்க்கலாம்.

அவன் ஆசைக்குக் குறுக்கே நிற்கச் சொல்லவில்லை. இங்கேயே ஆடட்டும், பத்தாம் வகுப்பையும் எழுதட்டும். பயிற்சி நேரம் பள்ளியோடு ஒத்துவராவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்யலாம். மாநில அணி வரை வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட்டுக்கும் ரயில்வே வேலைக்கும் முயற்சி செய்யலாம். அதற்கு, இதுவரை வாங்கிய சான்றிதழ்களில் பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.