ரப்பர் உடை, அட்டை ராக்கெட்... பழைய ஜப்பான் சூப்பர் ஹீரோ படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

"நண்பன் வற்புறுத்திப் போட்டுக் காட்டினான், கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மட்டமானதை ரசிப்பதாகக் காட்டிக்கொள்வது ஒரு பந்தாவா?" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அப்படி வற்புறுத்திப் போட்டுக் காட்டும் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். சுருக்கென்று தைத்தது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் நண்பன் போட்டது அநேகமாக அமெரிக்காக்காரன் வெட்டி ஒட்டிய பிரதியாகத்தான் இருக்கும். இணையத்தில் சும்மா கிடைப்பது அதுதான். உடம்பை ஒட்டிய வெளிர் நிற உடையும் தலையில் ஆன்டெனாவுமாக 'ஸ்டார்மேன்' என்று ஒருவன் பறந்து வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அவனுடைய சொந்தப் பெயர் சூப்பர் ஜெயன்ட். ஷின்டோஹோ என்ற ஜப்பானிய ஸ்டுடியோ 1957 முதல் 1959 வரை எடுத்த ஒன்பது படங்களின் நாயகன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அறுபதுகளின் நடுவில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விற்பதற்காக அந்த ஒன்பதையும் நான்கு படங்களாக அடைத்தார்கள். முதல் ஆறு படங்கள் இரண்டிரண்டாக ஒரே கதையின் பாகங்கள், அதனால் அவை தப்பித்தன. கடைசி மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தனிக்கதைகள். அவற்றையும் விடாமல் ஒரே படமாகத் தைத்துவிட்டார்கள். வில்லன் எங்கிருந்து வந்தான், பாதியில் ஏன் ஆள் மாறினான் என்று அதைப் பார்த்த யாருக்கும் புரியாது. நீங்கள் பார்த்தது அதுவென்றால், கால் மணி நேரம் உட்கார்ந்ததே பெரிய விஷயம்.

சரி, வெட்டாத பிரதி மட்டும் உலகத் தரமா என்றால், இல்லை. ஷின்டோஹோவில் காசு கிடையாது. தோஹோ ஸ்டுடியோவில் தொழிலாளர் போராட்டம் நடந்த காலத்தில் அங்கிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கியது அது. ஐம்பதுகளின் பாதியில் அதன் தலைவராக வந்த மிட்சுகு ஒகுரா, மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷியாக இருந்தவர். சனங்களுக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அப்படியும் 1961இல் ஸ்டுடியோ திவாலாகிவிட்டது.

ஆனால் கதையைக் கவனியுங்கள். பூமியில் மனிதர்கள் அணுகுண்டு வெடித்து விளையாடுகிறார்கள், அந்தக் கதிர்வீச்சு மற்ற உலகங்களையும் பாதிக்கும் என்று மரகத கிரகத்தில் ஆலோசனைக் கூட்டம் போடுகிறார்கள். அங்கிருந்து அனுப்பப்படுகிறவன்தான் நம் ஆள். 1954இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. அது நடந்து மூன்று வருடத்தில் வந்த படம் இது. சூப்பர் ஜெயன்ட் மணிக்கட்டில் குளோப்மீட்டர் என்று ஒன்றைக் கட்டியிருப்பான். அதைக் கட்டிக்கொண்டால் விண்வெளியில் பறக்கலாம், பூமியின் எந்த மொழியையும் பேசலாம், பக்கத்தில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். அந்த மூன்றாவது இருக்கிறதே, அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கதிர்வீச்சைக் கண்டுபிடிப்பதை ஒரு வரமாகக் கொடுக்கவேண்டும் என்று அந்த நேரத்து ஜப்பானில் உட்கார்ந்து எழுதியவருக்குத்தான் தோன்றும்.

அடுத்த காட்சியிலேயே சிரிப்பு திரும்ப வந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தையே வளைக்கத் திட்டமிடும் மெராபோலியா நாட்டின் ஆட்கள் பார்க்க வெறும் கோட்டு சூட்டுப் போட்ட ரௌடிகள். நாயகன் அவர்களோடு கட்டிப் புரள்கிறான். துப்பாக்கிக் குண்டு அவனை ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும், தோட்டா தீரும்வரை சுட்டுவிட்டுத்தான் அவர்கள் ஓடுகிறார்கள். அடுத்த கதையில் சாலமாண்டர் மனிதர்கள் வந்து கரணம் போடுகிறார்கள், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் நடுவில், 'எங்களுக்கும் இது சிரிப்புதான்' என்று காட்டிக்கொள்ளும் ஒரு நொடி கிடையாது. நாயகன் கென் உட்சுய் அந்த உடுப்பில் ஏதோ சரித்திரப் படத்தில் நடிப்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். பின்னாளில் அவர் தொலைக்காட்சியில் மதிப்பான அப்பா வேடங்களுக்குப் பேர் போனவர். இந்தப் படங்களைப் பற்றிப் பேச விரும்பியதே இல்லை என்பார்கள். அவர் நிலைமையில் நானும் பேசியிருக்க மாட்டேன். ஆனால் எடுக்கும்போது ஒழுங்காகச் செய்திருக்கிறார். இன்றைய சூப்பர் ஹீரோக்கள் உலகம் அழியும்போதும் ஒரு ஜோக் அடித்து, தாங்கள் ரொம்ப விவரமானவர்கள் என்று நமக்குக் காட்டிக்கொள்கிறார்களே, எனக்கு அதுதான் தாங்காது.

இப்போது என் கதை. என் அக்கா மகன் சென்னையில் ஒரு விஎஃப்எக்ஸ் கம்பெனியில் பெயின்ட் ஆர்ட்டிஸ்ட். பெயின்ட் என்றதும் பிரஷ் பிடிக்கிறவன் என்று அக்காவே கொஞ்ச காலம் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் படங்களில் நாயகன் தாவும்போது இடுப்பில் கட்டியிருக்கும் கம்பி, ஓரத்தில் தெரியும் விளக்கு ஸ்டாண்டு, தரையில் ஒட்டிய டேப் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாக அழிப்பதுதான் அவன் வேலை. அழித்தது தெரியவே கூடாது. தெரிந்தால் ஷாட் திரும்பி வரும்.

தீபாவளிக்கு வந்திருந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, டோயே ஸ்டுடியோ 1961இல் எடுத்த நெப்டியூன் மனிதர்கள் படத்தைப் போட்டேன். கூர்மையான ஹெல்மெட்டோடு அயர்ன் ஷார்ப் என்ற நாயகனாக வருவது சோனி சிபா. பிற்காலத்தில் கராத்தே படங்களால் உலகம் முழுக்கத் தெரிந்தவர், கில் பில் படத்தில் வாள் செய்கிறவராக வருவாரே, அவர்தான். இதில் அவருக்கு வயது 22. பறக்கும் காரில் வருவார். காரென்றால் பொம்மைக் கார்.

"மாமா, மேலேருந்து கட்டித் தொங்க விட்ருக்காங்க மாமா. ஆடுது பாருங்க" என்று என் அக்கா மகன் ஆரம்பித்தான். என் மகளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்கக் கூடாது என்று நான் யாருக்கும் சட்டம் போடவில்லை.

பிறகு நெப்டியூன்காரர்கள் நகரத்தைத் தாக்கும் காட்சி வந்தது. கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகின்றன. என் அக்கா மகன் சிரிப்பை நிறுத்தி, "மாமா, இது வேற படம். ஃபிலிம்ல தெரியற பொடிப் புள்ளி, அந்த கிரெய்ன் மாறுது, கறுப்பும் வேற கறுப்பா இருக்கு" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். மூன்றாம் உலகப் போர் வந்தால் என்ன ஆகும் என்று அதே கம்பெனி முந்தைய வருடம் எடுத்த படத்திலிருந்து உருவிய துண்டுகள் அவை. பயம் காட்டுவதற்காகச் செய்த மினியேச்சர் (பொம்மை நகரம்) என்பதால் இந்தப் படத்தின் மற்ற எந்தக் காட்சியையும்விட அது நன்றாக இருக்கும். அந்த ஒட்டு தெரிவதால் படம் திடீரென்று வேறு முகம் காட்டும்.

அப்புறம் ரிமோட்டை வாங்கிக்கொண்டு, அந்தக் கார் ஷாட்டுக்குத் திரும்பிப் போனான். நிறுத்தி நிறுத்தி நகர்த்தினான். எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் நின்று, காருக்கு மேலே இருந்த வானத்தை விரலால் தடவிக் காட்டினான். "இந்தக் கம்பியை எடுக்கறது ஈஸி மாமா, பின்னாடி இருக்கற மேகம் அசையாம இருக்கு. ஆனா இந்த ஆட்டம் இருக்குல்ல, மேல ஒருத்தன் கையில புடிச்சிருக்கான். அவன் கையை எடுக்க முடியாது" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கிண்டல் இல்லை, தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது. உங்கள் 'அப்படி என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு நான் காட்டக்கூடியது அந்தப் பார்வையைத்தான்.

இதைச் சொன்ன வாயால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனுக்கு அப்போது சம்பளம் பாக்கி. கம்பெனி பேர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். டெலிவரி நேரம் என்றால் ராத்திரி இரண்டு மணிவரை வேலை, காலையில் மறுபடி ஆஜர். கேட்டால் "பேஷன், அதாவது தொழில் மேல வெறி இருக்கிறவன்தான் இந்த ஃபீல்டுக்கு வரணும்" என்று பதில் வருமாம். பேஷனை வைத்து வாடகை கொடுக்க முடியுமா? நான் வங்கியில் இருக்கிறேன். எங்களுக்குச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் யூனியன் வாசலில் நின்றுவிடும். இவர்களுக்குச் சங்கமும் கிடையாது, படத்தின் கடைசியில் பெயர் வருமா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. கம்பெனிக்கு இத்தனை பெயர்தான் என்று கணக்காம். அவன் வேலை பார்த்த படத்துக்கு அக்கா, அத்தான், நான் எல்லோரும் டிக்கெட் எடுத்துப் போய், விளக்கு போட்டு, துடைப்பத்தோடு ஆள் வந்து நிற்கும்வரை பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுத ஆரம்பித்ததும் வந்துவிட்டது, விடுங்கள்.

பின்னூட்டத்தில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். காட்ஸில்லாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்காதீர்கள். 1954இல் தோஹோ எடுத்த அந்த முதல் படம் பணமும் ஆளும் இருந்த பெரிய கம்பெனியின் படம், அதை இந்த வரிசையில் வைத்தால் அதன் ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள், அது நியாயமும்கூட. அப்புறம், 'ஜப்பான்காரன் செய்தால் ரசனை, நம்மூர்க்காரன் செய்தால் மொக்கையா' என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஐயா, ஜகன்மோகினியில் பேய் அடுப்புக்குள் விறகுக்குப் பதிலாகக் காலை வைத்துச் சமைக்குமே, அதற்கும் நான் ரசிகன்தான். விட்டலாச்சார்யாவைக் கிண்டல் செய்தவன் நானில்லை.

கிண்டல் என்றதும் ஞாபகம் வருகிறது. திரையின் அடியில் ஒரு மனிதனும் இரண்டு ரோபோ பொம்மைகளும் நிழலாக உட்கார்ந்து படம் முழுக்கக் கமென்ட் அடிக்கும் ஒரு அமெரிக்க நிகழ்ச்சி உண்டு. நெப்டியூன் மனிதர்களையும், 1959இல் வந்த கிரக இளவரசன் படத்தையும் 1997இல் அவர்கள் வறுத்து எடுத்தார்கள். இன்றைக்கு இந்தப் படங்களைத் தேடிப் பார்க்கிறவர்களில் நிறையப் பேர் அந்த வழியாக வந்தவர்கள்தான். நிகழ்ச்சி நன்றாகத்தான் இருக்கும், நானும் பார்ப்பேன். ஆனால் முதல் தடவையே அப்படிப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது அவர்களுடைய ஜோக் மட்டும்தான்.

எங்கள் தலைமுறையில் எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஜெயன்ட் ரோபோ பார்த்தவர்களுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படாது. கைக்கடிகாரத்தில் பேசி ரோபோவை ஏவும் பையன், எகிப்து மன்னர் போல முகம் வைத்த ரோபோ, விரல்களிலிருந்து ஏவுகணை. 1967இல் டோயே எடுக்கத் தொடங்கிய தொடர் அது, 26 பகுதிகள். கடைசியில் அந்த ரோபோ பையனின் கட்டளையை முதல் முறையாக மீறி, வில்லனைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போய் விண்கல்லில் மோதிவிடும். போட்டிருப்பது ரப்பர் உடை என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

உண்மையாகவே இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம் என்று இருந்தால், 1966இல் வந்த கோல்டன் பேட் படத்தை ஜப்பானிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். தலைக்குப் பதில் ஒரு மண்டை ஓடு, உடம்பில் பெரிய மேலங்கி, கையில் ஒரு கோல், வரும்போதே ஒரு அட்டகாசச் சிரிப்பு. பேய்க்கு வைக்கவேண்டிய முகத்தை நாயகனுக்கு வைத்திருக்கிறார்கள். இவன் 1930களின் தொடக்கத்தில் கமிஷிபாய் மூலம் பிறந்தவன். சைக்கிளில் மிட்டாய் விற்க வருகிறவர் தெருமுனையில் படச் சட்டத்தை நிறுத்தி, அட்டை அட்டையாக உருவிக் கதை சொல்வாரே, அந்தக் கலை. சூப்பர்மேன் அச்சில் வந்ததே 1938இல்தான். படத்தில் அட்லாண்டிஸ் தீவில் சவப்பெட்டிக்குள் கிடக்கும் அவன் மேல் ஒரு சிறுமி தண்ணீர் ஊற்ற, எழுந்து வருகிறான். சோனி சிபா இதில் விஞ்ஞானி. வில்லன் நாசோவுக்கு நான்கு கண், ஒரு கை இடுக்கி. அவனுடைய கோபுரம் பூமியைத் துளைத்துக்கொண்டு நகரத்தின் நடுவில் முளைக்கும். ஹாஜிமே சாட்டோ இயக்கம். கறுப்பு வெள்ளையில் நிழல்களை அவர் பயன்படுத்தியிருக்கும் விதம் நிஜமாகவே அழகு, இதைக் கிண்டல் கலக்காமல் சொல்கிறேன்.

அது பிடித்தால், அல்ட்ராமேன் என்ற ராட்சத நாயகனை உருவாக்கிய சுபுராயா நிறுவனமும் தாய்லாந்துக்காரர்களும் சேர்ந்து 1974இல் எடுத்த ஹனுமான் படத்துக்குப் போங்கள். ஆமாம், நம் ஹனுமான்தான், அல்ட்ராமேன் சகோதரர்களோடு. புத்தர் சிலையைத் திருடுகிறவர்கள் சுட்டதில் இறந்துபோகும் சிறுவன் ஹனுமானாக உயிர்த்தெழுகிறான், பூமியை நெருங்கி எரிக்கும் சூரியனிடம் நேரில் போய்க் கெஞ்சுகிறான். என் அக்கா அதுவரை கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்தியாகத்தான் பார்த்தாள். கடைசிச் சண்டையில் ஆறு அல்ட்ராமேன்களும் ஹனுமானும் சேர்ந்துகொண்டு, மிச்சமிருக்கும் கொமோரா என்ற ஒற்றை ராட்சத மிருகத்தைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். "ஏழு பேர் சேர்ந்து ஒரு வாயில்லா ஜீவனையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தச் சண்டையை மட்டும் என்னாலும் இன்றுவரை நியாயப்படுத்த முடியவில்லை.