மெசியர் மாரத்தான்: நம் ஊருக்கு வரிசையை மாற்றுங்கள்

கேள்வி: திருப்பத்தூரில் இருக்கிறேன். 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியும் ஒரு பைனாகுலரும் உண்டு. மார்ச் மாதம் ஜவ்வாது மலையில் நண்பர்களோடு விடிய விடிய மெசியர் பட்டியலிலுள்ள 110 பொருள்களையும் (எம்1 முதல் எம்110 வரை எண்ணிட்ட விண்மீன் கொத்துகள், விண்முகில்கள், விண்மீன் திரள்கள்) பார்க்க ஆசை. வழிகாட்டிகள் எல்லாம் எம்77, எம்74 என்று தொடங்குகின்றன. அப்படியே செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த வரிசை நமக்கு வடக்கே வெகு தொலைவில் இருப்பவர்களுக்கானது. 110ஐயும் முதன்முதலில் ஒரே இரவில் பார்த்து முடித்தவர் ஜெரி ராட்லி. 1985 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் பார்த்தார். அது ஏறக்குறைய 34 டிகிரி வடக்கு அட்சரேகை. நீங்கள் நிற்கப்போவது பன்னிரண்டரை. வடதிசைப் பொருள்கள் அங்கே வானில் நெடுநேரம் இருக்கும், நமக்குச் சீக்கிரம் மறைந்துவிடும்.

முதலில் தேதி. நமக்கு மார்ச் நடுவில், மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ, அமாவாசை விழுந்தால் நல்லது. மாத இறுதிக்குத் தள்ளிப்போனால் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் (எம்31) அந்தி வெளிச்சத்திலேயே மறைந்துவிடும். கீழே சொல்லும் நேரங்கள் மார்ச் 15ஐ ஒட்டியவை. ஒவ்வொரு நாளுக்கும் நான்கு நிமிடம் முன்னே வரும்.

ஆகவே உங்கள் முதல் இலக்கு எம்31. எட்டு மணி வாக்கில் வடமேற்கு மலை விளிம்பில் இறங்கிவிடும். ஏழு இருபதுக்கே பைனாகுலரால் பிடித்து, அப்புறம் தொலைநோக்கியைத் திருப்புங்கள். பக்கத்திலுள்ள எம்32 ஒரு மங்கிய நட்சத்திரம் போலத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். எம்110 இன்னும் சிரமம். தாமதிக்காமல் எம்33, எம்74.

எம்74தான் அன்றைய மாலையின் உண்மையான சோதனை. ஈட்டா பிசியம் என்ற நட்சத்திரத்துக்குக் கிழக்கே ஒன்றரை டிகிரி தள்ளி இருக்கிறது. குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. 25 மி.மீ. ஐபீஸைப் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) போட்டு, நேராகப் பார்க்காமல் ஓரப் பார்வையில் வைத்துக்கொண்டு, குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசையும்போதுதான் அந்தப் புகை தனியாகத் தெரியும். அதற்குப் பிறகு எம்77, எம்103, எம்76 என்று நிதானமாகப் போகலாம்.

எம்52ஐ மாலையில் தேடி நேரத்தை இழக்காதீர்கள். நம் ஊரில் அது அதிகாலை நாலரைக்கு வடகிழக்கில் மறுபடி உதிக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம். வடக்கத்தியர் அவசரப்படும் எம்79ம் நமக்குப் பதினொன்றரை வரை இருக்கும். எம்81, எம்82 பத்தரை வாக்கில் உச்சிக்கு வரும். அப்போதும் வானத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரந்தான்.

அடுத்து கன்னிக் கொத்து. பதினாறு மெசியர் திரள்கள் நெருக்கமாக இருக்கும் இடம். இதில் ஒரு சிக்கலை யாரும் சொல்வதில்லை: ஜவ்வாது மலையில் இது இரவு ஒன்றேகால் அளவில் சரியாகத் தலைக்கு மேலே வரும், டாப்சோனியன் செங்குத்தாக நிற்கும்போது நகர்த்துவது பெரும்பாடு. பதினொன்றுக்குள் தொடங்கிப் பன்னிரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். உத்திர நட்சத்திரமான டெனெபோலாவுக்கும் கன்னி ராசியிலுள்ள விண்டெமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கும் நடுவே குழாயை வைத்தால் எம்84, எம்86 ஒரே காட்சியில் கிடைக்கும். அங்கிருந்து தென்கிழக்கே எம்87. எது எது என்று குழம்பினால், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வாருங்கள். ஊகித்து டிக் போடுவதைவிட அது வேகமானது.

இது முடிந்ததும் ஒரு மணி நேரம் படுத்துவிடுங்கள், அலாரம் வைத்து. பலர் இதைச் செய்யாமல் மூன்று மணிக்குச் சோர்ந்துபோகிறார்கள். மூன்று மணிக்குமேல் விருச்சிகமும் தனுசும் நமக்கு நல்ல உயரத்தில் இருக்கும். எம்6, எம்7க்குப் பைனாகுலரே போதும். இந்தப் பகுதியில் நமக்குத்தான் வசதி.

டார்ச்சில் சிவப்பு செலோபேன் ஒட்டுங்கள், கைபேசித் திரையிலும். வனத்துறை நிலமாக இருந்தால் முன்அனுமதி வாங்கிவிடுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வானியல் செயலியில் உங்கள் இடத்தை வைத்து, ஒவ்வொரு பொருளும் மறையும் நேரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது அவசியம்.

கடைசி எம்30. நாலே முக்காலுக்கு உதிக்கும், ஐந்து மணிக்குமேல் வெளுக்கத் தொடங்கிவிடும். மகரத்தில் 41 கேப்ரிகார்னி என்ற நட்சத்திரத்தை முன்னதாகவே பிடித்து வைத்துக்கொண்டால், அதே காட்சியில் மேற்கே எம்30 வரும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நேரத்தைக் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் வரிசையைத் திருத்த அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.