ஜெனீவாவில் வழக்குப் போடத் தலைக்கு 1,500 ரூபாய் தரலாமா?

ஏர்வாடிப் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தீவுப் பக்கம் போனால் தடுக்கிறார்கள், எடுத்த பாசியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இந்தியா ஐ.நா. ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறது, ஜெனீவாவில் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் தலைக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். வெற்றுத்தாளில் கையெழுத்தும் வேண்டுமாம். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள் அம்மா. யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் அந்த வெற்றுத்தாளைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள், அப்புறம் பணத்தைக் கேட்கலாம். ஆதார் நகல், பாஸ்புக் நகல் எதுவும் அவர் கையில் இருக்கக் கூடாது. ஐ.நா.வில் எந்த முறையீட்டுக்கும் கட்டணம் கிடையாது. கட்டணம் என்று ஒருவர் வாய் திறந்தாலே அது ஏமாற்று.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை 1966-ல் உருவானது, இந்தியா 1979-ல் சேர்ந்தது. வேலை, உணவு, உடல்நலம், கல்வி எல்லாம் அதில் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்டவர் நேரடியாக முறையிட வேண்டுமென்றால் 2008-ல் வந்த தனி நெறிமுறையிலும், அதாவது அந்த உடன்படிக்கையின் துணை ஒப்பந்தத்திலும், நாடு சேர்ந்திருக்க வேண்டும். இந்தியா சேரவில்லை. ஜெனீவாவில் கூடும் அந்த உடன்படிக்கைக்கான குழு உங்கள் வழக்கை எடுக்கவே முடியாது.

சேர்ந்த நாடு, நிலைமை எப்படி என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அந்தக் குழுவின் 18 நிபுணர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். நம் நாடோ நான்கு தவணைகளை ஒன்றாகக் கட்டி ஒரே அறிக்கையாகக் கொடுத்தது, 2008-ல்தான் குழு அதை ஆராய்ந்தது. அத்தனை வருடமும் நீங்கள் கடலில்தான் நின்றீர்கள். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

“படிப்படியாகத்தான் நிறைவேற்ற முடியும், நிதி இல்லை” என்று அதிகாரிகள் சொல்வார்கள். உடன்படிக்கையில் அந்தச் சொல் இருப்பது உண்மை. ஆனால் பாகுபாட்டுக்கு அது பொருந்தாது, இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வள்ளம் ஓட்டும் ஆணுக்கு மீனவர் அட்டை உண்டு. விரலில் துணி சுற்றி, ரப்பர் செருப்போடு மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்ணுக்கு இல்லை என்றால், அங்கே “படிப்படியாக” என்ற பேச்சே எடுபடாது. பாகுபாடு இல்லாமை உடனே செய்ய வேண்டிய கடமை. பணமே இல்லாத நாடும் செய்தாக வேண்டும். நீங்கள் இங்கே கொடுக்கும் மனுவில் இதைத் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

சர்வதேச உடன்படிக்கை இந்தியாவில் தானாகச் சட்டமாகிவிடாது. ஆனால் நம் சட்டத்துக்குப் பொருள் சொல்லும்போது நீதிமன்றம் அதைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும். 1997-ல் விசாகா வழக்கில், வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான விதிகளை உச்ச நீதிமன்றம் அப்படித்தான் வகுத்தது.

உங்கள் கையில் இன்னும் பலமான ஒன்று இருக்கிறது. சரணாலயத்துக்கோ தேசியப் பூங்காவுக்கோ கடற்பகுதியைச் சேர்த்து எல்லை வகுக்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அது 1991-ல் சேர்ந்த வரி, உங்கள் தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவோ 1986-ல் அறிவிக்கப்பட்டது. வரி வருவதற்கு முன்பே பூங்கா வந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு கிளப்பும். அதனால்தான் நல்ல வக்கீல் வேண்டும் என்கிறேன்.

அந்த வக்கீலுக்கும் நீங்கள் பணம் தர வேண்டாம். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், சட்டம் 1987-லிருந்தே இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் போதும். உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் மதுரைக் கிளைதான், டெல்லியும் வேண்டாம் ஜெனீவாவும் வேண்டாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள்.

நீதிமன்ற வாசலிலேயே “நான் பேசி முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் நிற்பார். அவரைத் தாண்டி உள்ளே போங்கள். போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எந்தத் தீவுப் பக்கம், எத்தனை கிலோ பாசி போனது, அன்று வியாபாரி கிலோவுக்கு என்ன விலை கொடுத்தார், கூட யார் யார் இருந்தார்கள்.