கன்றுச் சீரம் இல்லாமல் கலங்களை வளர்க்க முடியுமா?

கொழும்பில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: எஃப்.பி.எஸ். எனப்படும் கருக்கன்றுச் சீரம் இல்லாமல் கலங்களை வளர்க்கலாமா, பதிலுக்கு எதைச் சேர்ப்பது?

வளர்க்கலாம். ஆனால் எல்லாக் கலத்துக்கும் பொருந்துகிற ஒரே போத்தல் கிடையாது. சினைப்பசுவை அறுக்கும்போது கருவிலுள்ள கன்றின் குருதியிலிருந்து, அது உறைந்த பின் பிரியும் தெளிந்த நீராக எடுப்பதுதான் எஃப்.பி.எஸ். வழக்கமாக வளர்ப்பூடகத்தில் 10 சதவீதம் சேர்ப்போம். விலையை விடுங்கள், ஒரு தொகுதி போல அடுத்தது இருக்காது. அதுதான் பெரிய தலையிடி.

எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்புக் கலங்களாக மாறக்கூடிய மீசென்கைமல் ஸ்டெம் கலங்கள் என்றால் மனிதக் குருதிச் சிறுதட்டுச் சாறு நல்ல தெரிவு. சேமித்த சிறுதட்டுகள் பொதுவாக 5 நாளில் காலாவதியாகிவிடும். நோயாளிக்கு ஏற்ற முடியாதவற்றை உறையவைத்து, உருக்கி, சுழற்றி எடுத்தால் வளர்ச்சிக் காரணிகள் வெளியே வரும். குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைச் சேர்க்க மறந்தால் ஊடகம் ஜெலிபோல் கட்டியாகிவிடலாம். நாரஹேன்பிட்டி இரத்த வங்கியிடம் காலாவதியான சிறுதட்டுகளைக் கேட்கப் போகுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கையில் வைத்திருங்கள்.

மற்றக் கலங்களுக்கு இன்சுலின், இரும்பைச் சுமக்கும் புரதமான ட்ரான்ஸ்ஃபெரின், செலீனியம் சேர்த்த சீரமற்ற ஊடகத்தில் தொடங்கலாம். ஒரேயடியாக மாற்றாதீர்கள், பழையதும் புதியதும் 75:25, பிறகு 50:50 என்று ஒவ்வொரு தடவை பிரித்து வளர்க்கும்போதும் புதியதன் பங்கைக் கூட்டுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: தட்டில் ஒட்டிய கலங்களைப் பிரிக்கப் போடும் ட்ரிப்சின் நொதியின் வேலையை நிறுத்துவதும் சீரம்தான். அது இல்லாதபோது சோயா ட்ரிப்சின் தடுப்பானைப் போடுங்கள், இல்லாவிட்டால் கலங்கள் தட்டில் ஒட்டாமல் மிதக்கும். நுண்ணுயிர்க்கொல்லியின் அளவையும் குறைக்க வேண்டும். சீரப் புரதங்கள் இல்லாத ஊடகத்தில் அதன் நச்சுத்தன்மை கூடுதலாகத் தாக்கும்.