பழி சுமக்கும் வண்டு

கேள்வி: டெக்சாஸ், சான் அன்டோனியோவில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார்: எள்ளளவு நீர்வண்டு ஒன்றைக் காப்பாற்ற அங்கே தண்ணீரை அளந்துதான் எடுக்க வேண்டுமாம். அதே டெக்சாஸில் விஷச்செடியான அரளியை ஆசை ஆசையாக வளர்க்கிறார்கள். அரளியாவது பூக்கும். வண்டால் என்ன லாபம்? (வாசகர், கரூர்)

பதில்: எள்ளளவு கூட இல்லை, 2 மில்லிமீட்டர்தான். சான் அன்டோனியோவுக்குப் பக்கத்தில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் கோமல் ஊற்று இருக்கிறது. அந்த ஊற்றுக்கண்ணில் இந்த வண்டு குடியிருக்கிறது. பறக்க வராது, நீந்தவும் வராது. கல்லைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். அடிவயிற்றில் மெல்லிய காற்றுப்படலம் ஒட்டியிருக்கும். அதை வைத்துத்தான் நீருக்குள் மூச்சு விடுகிறது. ஊற்று நின்றால் வேறு ஊர் பார்த்துப் போக வழியில்லை. அங்கேயே பாறைக்குள் இருட்டில் வாழும் இன்னொரு வண்டுக்குக் கண்ணே தெரியாது.

அரளியின் கதை வேறு. 1841-ல் ஜமைக்காவிலிருந்து கால்வெஸ்டன் தீவுக்குக் கப்பலில் வந்தது. 1900-ல் புயல் அந்த ஊரையே துடைத்துப் போட்ட பிறகு, உப்பு மண்ணிலும் பிழைக்கும் என்று அதைத்தான் மறுபடி நட்டார்கள். 1967-ல் அதற்குச் சங்கமே வைத்துவிட்டார்கள். இலை, பூ, தண்டு எல்லாம் விஷம், இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். ஆனாலும் ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும், வந்துவிடும். அதைக் காப்பாற்றச் சட்டம் எதற்கு?

சரி, தண்ணீருக்கு வருவோம். ஊற்றில் பொங்குவதும் உங்கள் மைத்துனர் ஊரில் போர் போட்டு எடுப்பதும் எட்வர்ட்ஸ் என்ற ஒரே சுண்ணாம்புப் பாறை நீர்தான். 1956 வறட்சியில் ஜூன் முதல் நவம்பர் வரை கோமல் ஊற்று சுத்தமாக நின்றுபோனது. அதிலிருந்த ஒரு சின்ன மீனினம் அங்கே அற்றுப்போய், பிற்பாடு சான் மார்க்கோஸ் என்ற பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அந்த மீன் முதலானவற்றுக்காக 1991-ல் வழக்குப் போட்டார்கள். 1993-ல் தீர்ப்பு வந்தது. நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் ஆணையத்துக்கான சட்டமும் அதே ஆண்டு வந்தது. உங்கள் வண்டு அழியும் உயிரினப் பட்டியலில் ஏறியதோ 1997 டிசம்பரில். அளந்து எடுக்கும் சட்டம் வந்து நான்கு வருஷம் கழித்து வந்து சேர்ந்த வண்டின் தலையில் பழியைப் போட்டால் எப்படி?

மைத்துனரிடம் அடுத்த முறை பேசும்போது, வீட்டுப் புல்தரைக்கு வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் விடுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். அரளி வைத்திருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வறட்சியைத் தாங்கும்.