தூண்டில் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஃப்ளை தூண்டில் (இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது) வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் மகளோடு காவிரியின் கிளையான குடமுருட்டிக் கரைக்குப் போகிறேன். நோட்டில் குறித்ததைப் புரட்டினால் ஆடி முதல் மார்கழி வரை அநேகமாக வெறுங்கை. மாசி, பங்குனியில்தான் கெண்டையும் ஜிலேபியும் விழுந்திருக்கின்றன. என் வீச்சில் கோளாறா?
(வாசகர், திருவையாறு)

பதில்: வீச்சில் இல்லை, தண்ணீரில். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். புதுத்தண்ணீர் கலங்கித்தான் வரும். மண்புழுவுக்கு வாசனை உண்டு, கலங்கலிலும் கெளுத்தி தேடி வந்துவிடும். ஃப்ளை வெறும் இறகும் நூலும். மீன் கண்ணில் பட்டால்தான் கதை. ஒரு கழி நுனியில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீரில் விடுங்கள். ஒரு முழ ஆழத்தில் துணி மறைந்துவிட்டால் கோலை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

அணை மூடியபின் ஆறு மடுமடுவாக ஒடுங்கும். தண்ணீர் தெளியும், மீனும் ஓரிடத்தில் சேரும். மணலில் தட்டு தட்டாகக் குழி தெரிந்தால் அது ஜிலேபியின் கூடு. 12-ஆம் எண் முள்ளில் பச்சை நூல் சுற்றி, குழிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, மெல்ல இழுங்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன் இது. எத்தனை பிடித்தாலும் ஆற்றுக்கு நஷ்டமில்லை.

மழைக்காலத்தில் ஒரு விலக்கு உண்டு: ஈசல் பறக்கும் சாயங்காலம். தேங்கிய குளத்தில் கெண்டை மேலே வந்து கொத்தும். சேவல் கழுத்து இறகு இரண்டு, தையல் கடைப் பழுப்பு நூல், முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு. ஈசல் தயார்.

கேள்வி: வாய்க்காலில் விரால் பாய்ந்து கவ்வுகிறது, இழுத்தால் வெறும் ஃப்ளை வருகிறது.
(வாசகர், மன்னார்குடி)

பதில்: தண்ணீர் தெறித்ததும் இழுக்கிறீர்கள். அப்போது ஃப்ளை உதட்டோரத்தில்தான் இருக்கும். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி, கோலைத் தூக்காமல், இடது கையால் கயிற்றை வெடுக்கென்று இழுங்கள். கோலைத் தூக்கினால் அது வளைந்தே விசையைத் தின்றுவிடும். விரால் வாய் எலும்பில் முள் ஏறாது. கயிற்றின் நுனி நரம்பு 20 பவுண்டு இழுவை தாங்காவிட்டால் பல் அறுத்துவிடும். தவளை ஃப்ளைக்குப் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகமே போதும். கடையில் விலை கொடுத்து வாங்குவது வீண்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளிக்கும் இடத்தில் மட்டும் வீசாதீர்கள். கீழே பெரியது காவல் நிற்கும், போட்டதும் கவ்வும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் முடித்துவிடும்.

கேள்வி: பின்வீச்சில் ஃப்ளை மூங்கில் புதரில் மாட்டுகிறது. 8 வயதுப் பையனும் கூட வருகிறான். பயமாக இருக்கிறது.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: நம் கரைகளில் பின்னால் 30 அடி வெட்டவெளி கிடைப்பது அபூர்வம். பின்வீச்சே வேண்டாம். கயிறு தண்ணீரில் கிடக்கட்டும். கோலை மெல்லக் காதுக்குப் பின்வரை உயர்த்தி நிறுத்துங்கள். கயிறு தோளுக்குப் பின்னே தொய்ந்து தொங்கியதும், ஆணி அடிப்பதுபோல முன்னால் வெட்டி நிறுத்துங்கள்; கயிறு சுருண்டபடி முன்னே போகும். உயர்த்தும்போது அவசரப்பட்டால் காலடியிலேயே குவியும்.

வலது கைக்காரர் என்றால் பையன் இடப்பக்கம் நிற்கட்டும். ஆடிக்காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தால் ஃப்ளை காதை உரசிக்கொண்டு வரும். அன்று எதிர்க்கரைக்கு மாறுங்கள். முள்முனைக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், விரலில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும். ஆனாலும் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பையனுக்கு ஃப்ளை கோல் இப்போது வேண்டாம். 7 அடி மூங்கில், அதே நீளம் நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, மண்புழு. படித்துறையில் உட்கார வையுங்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் பக்கம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள், ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும்.