மாலைக் காபியில் தேன் விட்டால் மட்டும் பால் திரிகிறதா?

தேனை மாற்ற வேண்டாம், முதலில் பாலைப் பாருங்கள். சீனிக்குப் பதிலாகத் தேன் விடுகிறேன், காலைக் காபியில் ஒன்றும் ஆகவில்லை, மாலையில்தான் திரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் விடை இருக்கிறது.

காலையில் வெட்டிய பாக்கெட் பால் சமையல் மேடை மேலேயே இருந்தால், மாலைக்குள் லேசாகப் புளிப்பேறிவிடும். வாயில் தெரியாது. தேனும் அமிலம்தான், பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 4. நல்ல பாலுக்கு 6.6 போல இருக்கும். விளிம்பில் நிற்கும் பாலைச் சுடவைத்துத் தேனையும் விட்டால் உடனே திரிந்துவிடும். டிகாஷனிலும் கொஞ்சம் அமிலம் உண்டு.

இன்று மாலை இப்படிச் செய்து பாருங்கள்:

1. அதே பாலை டிகாஷன் இல்லாமல் இரண்டு டம்ளரில் சூடாக ஊற்றி, ஒன்றில் மட்டும் தேன் விடுங்கள்.
2. அது திரிந்தால், புதுப் பாக்கெட் வெட்டி அதே சோதனை. இப்போது திரியாவிட்டால் பழைய பால்தான் காரணம்.
3. புதுப் பாலும் திரிந்தால் தேன் பாட்டிலை முகர்ந்து பாருங்கள். மேலே நுரை, புளித்த வாடை இருந்தால் ஈரக் கரண்டி பட்டுப் புளித்த தேன். கொட்டிவிடுங்கள்.

நான் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கிறேன். காபியை டபராவில் இரண்டு ஆற்று ஆற்றிய பிறகுதான் குடகுத் தேனை விடுவேன். அடியில் தங்கும், நன்றாகக் கலக்க வேண்டும். சிக்கரி கூடுதலான பொடி என்றால் தேனின் மணமே எடுபடாது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் தேனுக்கு மாறினீர்கள் என்றால், கவனம். தேனும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஒரு டீஸ்பூன் தேன் ஏறக்குறைய 7 கிராம் எடை, சீனியோ 4 கிராம்தான். அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.